ஃப்ரீசருக்குள் கறிமீன்

போனை வைத்துவிட்டு அமலோற்பவம் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிக்கேல் அண்ணன் வருகிறான். ஊர்க்காரர் ஒருவருக்குக் கண் காட்ட அவரோடு துணைக்கு பஸ் ஏறி வந்திருக்கிறானாம், அவரை ஆஸ்பத்திரி வரிசையில் உட்காரவைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு மடிப்பாக்கம் வந்துவிடுவானாம், சாயங்காலமே திரும்பிவிடுவானாம். இந்த வீட்டுக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை. வரட்டும், சந்தோஷம்தான், கூடப்பிறந்தவன் வருவது கசக்குமா. ஆனால் வருகிறேன் என்பதோடு நிறுத்தினானா? அந்தச் சீலா மீன் துண்டைக் குழம்பு வை, வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். எந்தத் துண்டு என்று கேட்க அவளுக்கு வாயில்லை, துண்டைப் பற்றி முதலில் சொன்னதே அவள்தான். போன வாரம், அனுப்பின மீன் எப்படி இருந்தது என்று போனில் அவன் கேட்டதற்கு, அருமையாக இருந்தது, பிள்ளை முள்ளைக்கூட விடவில்லை, நடுத்துண்டு மட்டும் உனக்கென்று எடுத்துவைத்திருக்கிறேன், நீ வந்தால் ஆக்கித் தருவேன் என்று அளந்துவிட்டிருந்தாள். நல்லா இருந்துச்சுண்ணே என்ற அளவில் விட்டிருக்கலாம். பொய் சொன்னால் போதாதா, அதற்குப் பூவும் பொட்டும் வைத்து அலங்காரம் வேறு செய்யவேண்டுமா? அந்த மீன் மட்டுமில்லை, அதற்கு முன்னால் வந்தது, அதற்கும் முன்னால் வந்தது, ஒன்றுகூட அடுப்பு ஏறவில்லை. எல்லாம் ஃப்ரீசருக்குள் கிடக்கின்றன. அதைத் திறந்து அந்தப் பைகளைப் பார்க்க மனமில்லாமல்தான் அவள் கணவர் ததேயுஸ் ஐஸ் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். அவர் ஆபீஸ் போயாகிவிட்டது, பிள்ளை பள்ளிக்கூடம் போயாகிவிட்டது, இனி இந்த அசிங்கத்தை அவள் ஒருத்திதான் பார்த்தாகவேண்டும்.

கதவைத் திறந்ததும் குளிர்ப்புகை முகத்தில் அடித்தது. முன்னால் பட்டாணி பாக்கெட், அதன் பக்கத்தில் பிள்ளையின் ஐஸ்கிரீம் டப்பா, துருவிவைத்த தேங்காய். இதெல்லாம் வேலி. வேலிக்குப் பின்னால்தான் அண்ணனின் பைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, மேலெல்லாம் பனி படர்ந்து, சுவரோடு ஒட்டிப்போய். கையால் இழுத்தாள், வரவில்லை. தோசைக்கரண்டியை எடுத்துவந்து சுரண்டினாள். பனி பொடிப்பொடியாக அவள் புறங்கையில் விழுந்தது. கறிமீன். கரைக்கு வந்த படகில் மீனை ஏலத்துக்குக் கூறு போடும் முன்னால், கடலுக்குப் போனவன் ஒவ்வொருவனும் தன் வீட்டுக் குழம்புக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்வான். அதற்கு விலை கிடையாது, அதை விற்கமாட்டார்கள், யாரும் கேட்கவும்மாட்டார்கள், அது அந்த வீட்டுச் சட்டிக்குப் போவதற்கென்றே எடுத்தது. சின்ன வயதில் அவளும் அண்ணனும் அதைத் தின்றுதான் எலும்பு வளர்த்தார்கள். கல்யாணமாகி அவள் சென்னைக்கு வந்தபிறகு, நல்ல மீன் விழுகிறபோதெல்லாம் தன் பங்குக் கறிமீனைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடைத்துத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறான். அன்றைக்கு அவன் வீட்டில் ரசம்தான். அண்ணியே ஒருதரம் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள், உங்களுக்கு மீன் வந்தா எங்களுக்கு ரசம் மதினி என்று. அவள் சிரிப்பில் குறை ஒன்றுமில்லை, நிஜமாகவே வேடிக்கையாகத்தான் சொன்னாள். அதனால்தான் இன்னும் கூசுகிறது. அந்த ரசம் சாப்பாட்டுக்குப் பதிலாக இங்கே இது பனியில் கிடக்கிறது, தின்னவும் ஆளில்லை, கொட்டவும் மனசில்லை. கறிமீனைக் கொட்டுவது என்று அவள் ஊரில் ஒரு பழக்கமே கிடையாது. கொட்டுவது என்றாலும் எங்கே கொட்டுவது? குப்பைத் தொட்டி கீழே கோமதியம்மாள் வாசலில் இருக்கிறது. வேலைக்காரியிடம் கொடுக்கலாம் என்றால் அவள் மேல்வீட்டில் கூட்டிவிட்டுக் கீழ்வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். மேல்வீட்டு மீன் கீழ்வீட்டுக்குப் பேச்சாகப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும்?

கோமதியம்மாள் வீட்டின் சொந்தக்காரி, கீழ்வீட்டில் இருக்கிறாள். திருநெல்வேலிச் சைவப் பிள்ளைமார், நல்ல மனுஷி, அதுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்தால் ஏமாற்றுவது இவ்வளவு உறுத்தாது. வீடு பார்க்க வந்த அன்று, காற்றும் வெளிச்சமும் குழாயில் நல்ல தண்ணீரும் பார்த்து அமலோற்பவத்துக்கு அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிடலாம் போலிருந்தது. கோமதியம்மாள் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள், தப்பா நினைக்காதம்மா, நீங்க அதெல்லாம் சமைப்பீங்கல்லா? ததேயுஸ் வாயைத் திறக்கும் முன்னால் அமலோற்பவத்தின் வாய் திறந்துவிட்டது. இல்லம்மா, வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டோம், நாங்க விட்டுட்டோம். எங்கிருந்து வந்தது அது? யோசித்து வைத்திருந்த பொய்கூட இல்லை, வழுக்கி விழுந்தமாதிரி வந்துவிட்டது. ததேயுஸ் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோமதியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உன்ன மாதிரி ஒரு கட்டுப்பாடு யாருக்கும்மா வரும் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர் என்ன என்றாள். அமலா என்றாள் இவள். அமலோற்பவம் என்று முழுதாகச் சொல்லியிருந்தால் என்ன, நேர்ச்சை என்று மாதாவையே இழுத்தாயிற்று, பிறகு பெயரை மறைத்து என்ன லாபம்? லாபம் ஒன்றுமில்லை. நாக்கு ஒருதரம் வளைந்தால் நிமிர மாட்டேன் என்கிறது. நாங்க விட்டுட்டோம். எதை விட்டார்கள்? ராத்திரி பகலாகக் கடலில் கிடந்து அப்பாவும் அண்ணனும் கொண்டுவந்ததை, அசிங்கமான ஒரு குடிப்பழக்கத்தைச் சொல்வதுபோல, விட்டுட்டோம் என்று சொல்லியாயிற்று. மறுமாதமே அண்ணன் முதல் பெட்டியை அனுப்பினான். புது வீட்டுக்கு, என்றான். வேண்டாம்ணே, இங்கே ஆக்கமுடியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பான். கேட்டால் என்ன சொல்வது? மீன் தின்கிறவர்களுக்குக் கிடைக்காத வீட்டை, மீன் தின்னாதவள் என்று சொல்லி வாடகைக்குப் பிடித்தேன் என்று மீன்காரனிடமே சொல்லமுடியுமா?

பை பிய்ந்துகொண்டு வந்தது. சுவரில் கொஞ்சம் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மற்றப் பைகளையும் தளர்த்தி, ஃப்ரீசருக்குள் ஒரு கிண்ணம் வெந்நீரை வைத்துக் கதவைச் சாத்தினாள். இந்த வித்தை எல்லாம் அவளுக்கு இப்போது நன்றாகவே தெரியும். முதல் பையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் பார்த்தபோது பூஞ்சணம் என்று பயந்துபோய் செல்போனில் தேடினாள். ஒரு வீடியோவில் ஒரு பெண், பளபளவென்று சமையலறை வைத்துக்கொண்டு, தமிழில்தான் சொன்னாள். இதற்கு ஃப்ரீசர் பர்ன் என்று பெயராம். நெருப்பே இல்லாமல் குளிரில் கருகுவது. மீனுக்குள் இருக்கிற ஈரம் ஐஸாகி, அந்த ஐஸ் தண்ணீராகக்கூட ஆகாமல் அப்படியே ஆவியாகிப் பைக்குள் இருக்கிற காற்றில் ஏறிவிடுமாம். பையின் உள்பக்கம் படிகிற பனி வேறெங்கிருந்தும் வந்ததில்லை, மீனின் தண்ணீர்தானாம். காற்றுதான் எதிரியாம். பையில் காற்றே இல்லாமல் அழுத்தி வெளியேற்றவேண்டும், தோலோடு தோலாக ஒட்டுகிறமாதிரிச் சுற்றவேண்டும், அதற்குமேல் இன்னொரு பை. துண்டுகளை ஐஸ் தண்ணீரில் முக்கி முக்கி உறையவிட்டு மேலே கண்ணாடிபோல ஒரு ஐஸ் சட்டை போட்டால் இன்னும் நல்லது. கதவை அடிக்கடி திறக்கக்கூடாது. சீக்கிரம் சமைத்துவிடவேண்டும். கெட்டுப்போனது இல்லைங்க, பயப்படாதீங்க, காஞ்சுபோனது, அவ்வளவுதான் என்று அந்தப் பெண் சிரித்தாள். அமலோற்பவம் அவள் சொன்ன அத்தனையும் செய்தாள். அடுத்து வந்த மீனை ஒவ்வொரு துண்டாக முக்கி, சுற்றி, அமுக்கி, இரட்டைப் பை போட்டு, தொட்டில் பிள்ளைக்குச் செய்கிற மாதிரிச் செய்து உள்ளே வைத்தாள். கடைசியாக அந்தப் பெண் சொன்ன ஒன்றை மட்டும்தான் செய்யவில்லை. சமைக்கவில்லை. எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும், எடுத்துத் தின்னாமல் வைத்துக்கொண்டே இருந்தால் காயத்தான் செய்யும். பிள்ளை வேறு ஐஸ்கிரீமுக்காகக் கதவைத் திறந்து திறந்து மூடுவாள். பாதுகாக்கத் தெரிந்துகொண்டது எதற்கு? தின்னாமல் இருப்பதற்கா?

சமைக்கவே இல்லை என்று சொல்லமுடியாது, ஒருதரம் சமைத்தாள். கோமதியம்மாள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஜன்னல் எல்லாம் சாத்தி, கதவிடுக்கில் துணி திணித்து, வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டு, திருடுகிறவளைப்போலக் குழம்பு கூட்டினாள். குழம்பு கொதிக்கிற சமயம் பார்த்து மணி அடித்தது. கையில் பிரசாதச் சுண்டலோடு கோமதியம்மாள். புகைக்குள் நின்று கண் எரிய எரிய இவள் சிரித்தாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாம்பிராணி போட்டிருக்கியே, வீடே கோயில் மாதிரி இருக்கு என்று அந்த அம்மாள் மூச்சை நன்றாக இழுத்துச் சொன்னாள். உள்ளே அடுப்பில் மீன் கொதிக்கிறது. அந்த மூக்குக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் அப்படிச் சொன்னாளா? இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அந்தக் குழம்பை மூன்று பேரும் விளக்கைப் போடாமல் நின்றுகொண்டே தின்றார்கள், பிள்ளை மட்டும் ஏன்மா இருட்டுல சாப்பிடறோம் என்று கேட்டாள். அதற்குப் பிறகு சட்டியே ஏற்றவில்லை. மீனை மறைப்பது அவளுக்குப் புதிதும் இல்லை. பாளையங்கோட்டை ஹாஸ்டலில் படித்தபோது அண்ணன் மாதத்துக்கு ஒருதரம் பொரித்த மீன் கொண்டுவருவான். அவளுடைய பெட்டியைத் திறந்தாலே வாடை அடிக்கிறது என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்ன நாளிலிருந்து, அவன் உள்ளே வரும் முன்னால் இவளே ஹாஸ்டல் வாசலுக்கு ஓடிவிடுவாள். எங்கூடப் பேசணும்னு எம்புட்டு ஆசையா ஓடியாறா பாரு என்று அவன் வாட்ச்மேனிடம் பெருமையாகச் சொல்வான். ஐயோ, அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

இன்றைக்குக் கோமதியம்மாள் இல்லை. காஞ்சிபுரத்தில் கல்யாணம், விடிந்ததும் கிளம்பிப் போய்விட்டாள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தாராளமாக ஆக்கலாம். இப்படி ஒரு நாள் வாய்த்தும் ஆக்குவதற்கு நல்ல மீன் இல்லையே. பையை அவிழ்த்தாள். சுற்றிவைக்கிற ஆசையும் விட்டுப்போனபிறகு வந்தபடியே உள்ளே தள்ளிய பை, அண்ணன் வலை நூலால் போட்ட முடிச்சு, கத்தி வைத்துத்தான் அறுக்கவேண்டியிருந்தது. அறுத்த நூலைக் காய்கறித் தோலுக்கு அடியில் போட்டு மூடினாள். இதையும் மறைத்தாயிற்று. உள்ளே சீலா. வெட்டுமுகம் ஈரமாகப் பளிச்சென்று இருக்கவேண்டிய இடத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து, ஓரமெல்லாம் தக்கையாகி, தொட்டால் மீன் மாதிரியே இல்லை. முகர்ந்து பார்த்தாள். நாற்றம்கூட இல்லை. நாறினால் வீசிவிடலாம், இது நாறவும் மாட்டேன் என்கிறது. இன்னொரு பையைப் பிரித்தாள், அது இதைவிட மோசம். எல்லாவற்றிலும் தேறிய துண்டுகளைத் தட்டில் போட்டுக் கத்தியால் வெள்ளையைச் சீவ ஆரம்பித்தாள். சீவினால் சரியாகிவிடும் என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். சீவச் சீவத் துண்டு சிறுத்துக்கொண்டே போனது. உள்ளங்கை அகலம் இருந்தது எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. இதையா நடுத்துண்டு என்று இலையில் வைப்பது? பேசாமல் மார்க்கெட்டுக்கு ஓடிப்போய்ப் புதுசாக வாங்கி வந்தால் என்ன? வாங்கலாம். ஆனால் காசிமேட்டு மீனைத் தூத்துக்குடி மீன் என்று அண்ணனை ஏமாற்ற முடியுமா, அவன் மீனின் கண்ணைப் பார்த்தே எந்தக் கடல் என்று சொல்கிறவன். கண்ணே இல்லாத துண்டாக வாங்கினால்? சீச்சீ, புத்தி எங்கெல்லாம் போகிறது பார். அவன் தன் மீனைத் தின்ன ஆசைப்பட்டு வருகிறான், கடை மீனை அவன் மீன் என்று ஊட்டிவிட்டு, நல்லா இருக்காண்ணே என்று வேறு கேட்கவேண்டுமா? அதுமட்டும் வேண்டாம். அந்த மட்டிலாவது ஒரு மானம் மிச்சம் இருக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்த வேகத்திலேயே அது மானம் இல்லை, பயம்தான் என்றும் தெரிந்தது.

புளியைக் கரைத்தாள். தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அரைத்தாள். மாங்காய் போட்டாள், முருங்கைக்காய் போட்டாள், காரத்தைக் கூட்டினாள். மீனை மறைக்க மீன்குழம்பு. கொதி வந்ததும் வாசம் எழுந்தது, மீன் எப்படியோ போகட்டும், அம்மா கூட்டுகிற அதே வாசம், சமையலறை நிறைந்து கூடத்துக்குப் போய் ஜன்னல் வழியாகத் தெருவுக்கே போனது. அவளுக்கு ஒரு நொடி நெஞ்சு விரிந்தது. போகட்டும், எல்லாருக்கும் தெரியட்டும், நான் அமலோற்பவம் என்று சொல்லிக்கொண்டாள். அடுத்த நொடி எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்துகிறவள் மூக்கைச் சுளித்தமாதிரி இருக்கவே, கை தானாகப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டது. சாத்திய கையைப் பார்த்தாள். சாத்து என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. சாப்பிடும் முன்னாலேயே, தண்ணீர் கொடுக்கும்போதே சொல்லிவிடவேண்டும். அண்ணே, மீனை நான் ஆக்கவே இல்ல, ஃப்ரீசர்ல போட்டுக் காயவிட்டுட்டேன், இந்த வீட்ல ஆக்கக்கூடாது, இனிமே அனுப்பாத. எவ்வளவு சின்ன வாக்கியம். அவன் திட்டுவான், கொஞ்ச நாள் பேசமாட்டான், அப்புறம் அண்ணி சமாதானம் செய்துவைப்பாள். இந்தப் பைகள் போகும். இந்தக் குளிர்ப்பெட்டி காலியாகும். அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே சோற்றை வடித்தாள்.

அண்ணன் வந்தான். முன்னைக்கு இப்போது கறுத்து, முன்மண்டையில் வழுக்கை ஏறி, கையில் பிள்ளைக்கு ஒரு பாக்கெட் தூத்துக்குடி முந்திரி மக்ரூன். வாசலிலேயே மோந்து பார்த்துச் சிரித்தான். வீடு நல்ல வீடு என்றான், காற்று வருகிறது என்றான், ஜன்னல் ஏன் சாத்திக் கிடக்கிறது என்று அவனே போய்த் திறந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தாள். இப்போது சொல்லவேண்டும். அவன் அண்ணியின் முட்டுவலியைப் பற்றிப் பேசினான், கண் காட்ட வந்தவர் வழியெல்லாம் தூங்கவிடவில்லை என்று சொன்னான், பேச்சில் இடுக்கே விழவில்லை. இலை போட்டாள், சோறு போட்டாள், குழம்பை ஊற்றினாள், உள்ளதில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். நீயும் உக்காரு, சேந்து தின்னு எம்புட்டு காலமாச்சு என்றான். அவளும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் குழம்பைப் பிசைந்து ஒரு வாய் தின்று, அம்மா கூட்டுன மாதிரியே இருக்குட்டி என்றான். பிறகு மீனைப் பிட்டான். பிட்டு வரவில்லை, நார் நாராகப் பிரிந்தது. வாயில் போட்டு மென்றான். மென்றுகொண்டே இருந்தான். அவன் வீட்டு ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டிலும் தயிரும்தான் இருக்கும். அன்றைக்குப் பிடித்த மீனை அன்றைக்குத் தின்கிறவன், மிஞ்சினால் உப்புப் போட்டுக் காயவைக்கிறவன், ஃப்ரீசரில் மாதக்கணக்கில் கிடந்த மீனை அவன் வாய் அறிந்ததில்லை. அவன் முகத்தில் கோபத்தைத் தேடினாள். வந்தது கோபமில்லை. அவன் முகம் சின்னப் பையன் முகம்போல விழுந்துவிட்டது.

"ஏட்டி அமலம்," என்றான் மெதுவாக. "நா அனுப்புன மீனெல்லாம் இப்பிடித்தான் இருந்துச்சா?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்து நின்றது.

"எந் தப்புதாம்ட்டி," என்றான் அவன். "பஸ்ஸுக்காரன் அவசரப்படுத்துதான்னு ஐஸக் கொறச்சுப் போட்டேன். அவன் கொண்டுபோயி இஞ்சின் பக்கத்துல வச்சிருப்பான். மீன் வெக்கையில வெந்து சக்கையாப் போச்சு. நீ ஒரு நாளாவது சொன்னியா? ஒவ்வொரு தடவையும் நல்லாருக்குண்ணே, நல்லாருக்குண்ணேன்னே. எம் மனசு நோவக்கூடாதுன்னு இதப் போயி தின்னுருக்கியேட்டி."

இல்லை என்று சொல்லவேண்டும். அது ஃப்ரீசர் என்று ஒரு சொல் சொன்னால் போதும், உன் ஐஸில் குற்றமில்லை, நீ அனுப்பினது பளபளவென்று வந்தது, காயவிட்டவள் நான். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், தோள்பட்டையால், கையெல்லாம் குழம்பாக இருந்ததால். கடல்ல கெடக்கவன், தங்கச்சிக்கு இந்த மீனக் குடுத்துருக்கேன், வெளிய சொன்னா வெக்கக்கேடு என்றான். அந்த வெட்கக்கேடு அவளுடையது. அவன் அதைத் தன்னுடையது என்று எடுத்துவைத்துக்கொண்டான், கேட்டுவாங்காமல்கூட அது அவள் கையைவிட்டுப் போகிறது, திருப்பி வாங்கிக்கொள்ள ஒரு சொல் போதும்.

"இனிமே அனுப்பல," என்றான். "நீ இங்கனயே பாத்து நல்ல மீனா வாங்கிக்க."

எத்தனையோ காலமாக அவள் கேட்க ஆசைப்பட்ட சொல் அது. அதைக் கேட்டதும் உள்ளே எதுவோ லேசாயிற்று, அப்பாடா என்று. அந்த அப்பாடாவைத் தானே கேட்டுவிட்டதுதான் அவளால் தாங்கமுடியாததாக இருந்தது.

"சரிண்ணே," என்றாள்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு கையை நீட்டி, அவள் தட்டில் இன்னும் தொடாமல் கிடந்த துண்டை எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டு, நீ தின்னாத, நா தின்னுட்டுப் போறேன் என்று சொல்லி மென்று தின்ன ஆரம்பித்தான்.